செவலைக்கு எத்தனை வயது

சங்கரன்கோவில்,
21.1.2025

அண்ணனுக்கு,

இதைப் பூ மார்க்கெட்டில் ரசூல் அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். புனலூருக்குப் பூ ஏற்றிப் போகும்போது உன் கையில் சேர்ப்பதாகச் சொன்னார். போனில் பேசினால் நீ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், கடிதமே போதும் என்று நீ சொல்லி அனுப்பியது எனக்கும் நல்லதுதான். போனில் நான் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் சொல்லிவிடுவேன்.

காணும் பொங்கலன்று முயல் வேட்டைக்குப் போன ஐந்து பேரில் நீ மட்டும் வீடு திரும்பவில்லை. உன் நாய் செவலை மட்டும் மத்தியானம் தனியாக வந்தான். குருவிகுளத்திலிருந்து அவ்வளவு தூரமும் ஓடியே வந்திருக்கிறான். கழுத்தில் வலைக்கயிறு சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பாரஸ்ட்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். நீ காட்டில் போட்டுவிட்டு ஓடிய பைக்கின் நம்பரைத் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். அம்மா, "எம்புள்ள கட்டட வேலைக்கில்லா போயிருக்கான்" என்றாள். "கட்டட வேலைக்கு எவன் வே வலை கொண்டுட்டுப் போறான்?" என்று ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செவலையை முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். சேவை மையத்தில் மற்றவர்களின் விண்ணப்பத்தைத் தட்டும்போதுகூடத் தப்பு விழுகிறது. நேற்று ஒருவருக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான்கு நாளாகச் செவலையின் வாயைச் சுற்றி வெள்ளை முடி தெரிகிறது. முன்பு இல்லை. கண்ணோரத்திலும் இருக்கிறது. பயத்தில் நாய்க்கு நரைக்குமா? நான் விலங்கியல் படித்தவள்தான். எனக்குத் தெரியவில்லை.

இசக்கித்தாய்

—

புனலூர்,
24.1.2025

இசக்கிக்கு,

கடிதம் வந்தது. ரசூல் அண்ணன் மல்லிகைக் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். தாளெல்லாம் ஈரம்.

இங்கே வாழைக்காய் குடோனில் தார் இறக்குகிறேன். என் பெயரை முத்துக்கிருஷ்ணன் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதே இல்லை. செவிடன் என்று நினைத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை எது வந்தாலும் தாருக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். நேற்று வந்தது தபால்காரர்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். முயல் கிளம்பியதும் எங்கள் வேட்டைக் கூட்டத்தை நடத்தும் காளிராஜ் அண்ணாச்சியின் நாய் சுள்ளானும் செவலையும்தான் முன்னால் ஓடின. முயல் குறுக்கே வெட்டியது. சுள்ளான் அதோடு சேர்ந்து திரும்பினான். செவலை அகலமாகத் திரும்பினான். அவனைக் கூப்பிட நான் வரப்பில் நின்றேன். அந்த நேரத்தில் ஜீப் வந்துவிட்டது. நிற்காதவர்கள் பைக்கோடு தப்பித்துவிட்டார்கள். நான் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அடுத்த தடவை வந்து கேட்டாலும் மற்ற நாலு பேர் பெயரையும் சொல்லிவிடாதே. முடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ஒன்றுமில்லை. ஆனால் காளிராஜ் அண்ணாச்சி கண்ணில் படாமல் அவனைப் பின்பக்கம் கட்டு.

சங்கர்

—

சங்கரன்கோவில்,
31.1.2025

அண்ணனுக்கு,

நேற்று உனக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. வக்கீல் சார் ஆபீசுக்கு அம்மாவும் நானும் போனோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பதினைந்து நாளுக்குள், அதாவது பிப்ரவரி 14க்குள், நீ இங்கே கோர்ட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். ஒருவர் ரத்த உறவு, இன்னொருவர் வெளியாள். பிறகு மூன்று வாரம் மதுரையில் தங்கி, தினமும் காலை பத்தரைக்குக் கையெழுத்து. 14ஆம் தேதி தாண்டினால் இந்த உத்தரவு செல்லாது. பிடித்தால் உள்ளேதான்.

ரத்த உறவுக்கு அம்மா இருக்கிறாள், வீட்டுத் தீர்வை ரசீது அவள் பெயரில்தான். வெளியாள்தான் இல்லை. எங்கள் சேவை மையத்து ஓனரிடம் கேட்கப் போய், கேட்காமலே திரும்பி வந்தேன். அம்மா கேட்டாள். "பாரஸ்ட் கேஸுல்லா, வேற எதுன்னாலும் நிப்பேன்" என்றாராம். செல்வமணி கடையிலும் அதே பதில்தான்.

சாயங்காலம் காளிராஜ் அண்ணாச்சி தானாகவே வந்தார். வாசலில் பைக்கை விட்டு இறங்காமலே பேசினார். "கோமதிசங்கருக்கு நான் நிக்கேன். ஆனா நம்ம கூட்டத்து வழக்கம் ஒனக்குத் தெரியும்லா முத்துத்தாயி? வாக்குக்கு நாயைக் கட்டணும். அவன் கேசு முடியுத வரைக்கும் செவலை எங்கிட்ட நிக்கட்டும்."

அம்மா உடனே சரி என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் போகிற போக்கில், "மாசி பொறந்ததும் வாசுதேவநல்லூர் அடிவாரத்துல பன்னி அடிக்கப் போறோம். தோட்டக்காரவுக கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. அஞ்சு வயசு நாயி, சும்மாவா கட்டிப்போட முடியும்?" என்றார்.

நீ சொன்னபடி செவலை பின்பக்கம்தான் இருந்தான். அவர் பார்க்கவில்லை. இப்போது மூக்குவரை வெள்ளை ஏறிவிட்டது. உண்மையைச் சொல்.

இசக்கித்தாய்

—

புனலூர்,
3.2.2025

இசக்கிக்கு,

அவனுக்கு ஐந்து வயது இல்லை. ஏழு முடிந்து மூன்று மாதம்.

கரிவலம்வந்தநல்லூர் மாமா வீட்டிலிருந்து நான் அவனைக் கொண்டுவந்தபோதே மூன்று வயது தாண்டியிருந்தது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். காளிராஜ் அண்ணாச்சியிடம் ஒன்றரை என்று சொன்னேன். ஏன் என்று நீ கேட்பாய். உன் புத்தகத்தில் இதெல்லாம் இருக்குமோ என்னவோ, நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றரை வயதில் ஒரு நாயைக் காட்டுக்குக் கூட்டிப்போனால் முதல் வருடம் பெரிய நாய்களின் வாலைத்தான் பிடித்து ஓடும். இரண்டரைக்கு மேல்தான் முயல் எங்கே வெட்டும் என்று அதற்கே தெரியும். மூன்றும் நான்கும்தான் நாய்க்கு வயது. ஐந்து முடிந்தால் வேகம் இருக்கும், திரும்புகிறபோது இடுப்பு வராது. ஆறு முடிந்த நாயை அண்ணாச்சி கூட்டத்தில் சேர்க்க மாட்டார். உண்மை வயதைச் சொல்லியிருந்தால் செவலைக்கு மூன்று வருடம்கூடக் கிடைத்திருக்காது. ஓடத் தெரிந்தவனை எப்படிச் சும்மா உட்கார வைப்பது?

போன வருடத்துக்கு முந்தின தை மாதம் வெள்ளை முடி வந்தது. நான் மாதம் ஒரு தடவை மருதாணி அரைத்துப் பூசுவேன். நீயும் அம்மாவும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். செவலை நிறத்துக்கு நன்றாகவே ஒட்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியது அதுதான். கிணற்றடியில் செடி இருக்கிறது. புளி சேர்க்காதே, நக்கிவிடுவான். தேயிலைத் தண்ணீர் விட்டு அரை. வாயைத் துணியால் லேசாகக் கட்டி, இரண்டு மணி நேரம் வை. பிறகு கொண்டுபோய்க் கட்டிவிட்டு வா. வேறு வழி இல்லை. நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவன் கண்ணைப் பார்க்காமல் பூசு.

சங்கர்

—

சங்கரன்கோவில்,
5.2.2025

அண்ணனுக்கு,

அரைத்தேன். கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருதாணி வாசனை வந்ததுமே அவனாகவே முகத்தைத் தூக்கிக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். நீ எத்தனை தடவை செய்திருந்தால் அப்படிக் காட்டுவான்!

என்னால் முடியவில்லை. கிண்ணத்தோடு எழுந்து வந்துவிட்டேன். அது காய்ந்து கறுத்துவிட்டது.

நீ எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தேன். இடுப்பு வராது என்கிறாய். முயல் என்றால் இடுப்பு வராத நாய்க்கு முயல் தப்பிப்போகும், அவ்வளவுதான். பன்றி அப்படியா? பன்றி திரும்பும்போது விலகத் தெரிய வேண்டும். அவனை ஐந்து வயதாக்கி அனுப்பினால், ஐந்து வயது நாயை நிறுத்துகிற இடத்தில்தானே நிறுத்துவார்கள்?

நான் ஆறாவது படிக்கும்போது பார்த்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்கூல் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ராஜபாளையம் ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. இரண்டு பேர் ஒரு வயசான கறுப்பு நாயை இறக்கிவிட்டு ஏறிக்கொண்டார்கள். நாய் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓடியது. எங்கள் பஸ் அதைத் தாண்டியது. அது ஓடிய விதத்தைப் பார்த்தால் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. ஆறு வயது முடிந்த நாய்கள் எங்கே போகின்றன என்று நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இன்னும் ஒன்பது நாள். அம்மா என்னோடு பேசவில்லை. "அண்ணன் பெருசா நாய் பெருசாட்டி?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நீதான் பெரிது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கை போகவில்லை.

வேறு யாராவது ஒருவர் பெயர் சொல். நான் போய்க் கேட்கிறேன். வாயைத் திறந்து கேட்கிறேன்.

இசக்கித்தாய்

—

புனலூர்,
8.2.2025

இசக்கிக்கு,

வேறு ஆள் இல்லை. இருந்தால் நான் ஏன் இங்கே வாழைத்தாருக்குப் பின்னால் ஒளிகிறேன்?

உன்னிடம் மறைக்கக் கூடாது. ஜாமீன்தாரர் கிடைத்தாலும் நான் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. இங்கே ஒருவர் எர்ணாகுளத்தில் போட் வேலைக்கு ஆள் கேட்கிறார். போனால் ஆறு மாதத்துக்குக் கரைப்பக்கம் வர வேண்டாம். கோர்ட் வாசலிலேயே வேறு கேஸைப் போட்டுப் பிடித்துவிடுவார்கள் என்று குடோனில் ஒருவன் சொன்னான். அவன் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருப்பாய். காட்டில் ஓடும்போது கூட நாய் இருக்கும். அந்தத் தைரியம்தான் அது.

வெள்ளிக்கிழமை எர்ணாகுளத்துக்கு வண்டி கிளம்புகிறது. அதே 14ஆம் தேதி.

நாயை என்ன வேண்டுமானாலும் செய். இனி நான் சொல்ல ஒன்றுமில்லை.

சங்கர்

—

சங்கரன்கோவில்,
10.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தேன். மருதாணி பூசவில்லை. வெள்ளை வாயோடுதான் கூட்டிப்போனேன். காளிராஜ் அண்ணாச்சி நாய்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். சுள்ளான் என்னைப் பார்த்துக் குரைத்தான். நான் வாசலிலேயே நின்றேன்.

"ஏட்டி, வந்தவ பேசாம நிக்கே? கூழு வேணுமா?" என்றார். அவர் மனைவி சுமதி அக்கா சிரித்தாள்.

"அண்ணாச்சி, இவனுக்கு அஞ்சு வயசு இல்ல" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். அவர் காதுக்குப் போய்விட்டது.

"ஏழு இருக்கும்" என்றார்.

செவலையை என் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டு வருசமா கல்யாணப் பொண்ணு மாதிரி மருதாணி வாடையோட காட்டுக்கு வருதான். எங்க யாருக்கும் மூக்கு இல்லன்னு நெனச்சானா ஒங்க அண்ணன்? நாங்க நாலு பேரும் அவன் மொகத்தைப் பாத்துப் பாத்துச் சிரிப்போம். ஓடுத மட்டும் ஓடட்டும்னு விட்டேன்."

"அப்ப எதுக்கு இவனைக் கேட்டீய?"

அவர் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்ன ரெண்டு பேரு எளவட்ட நாயைக் கட்டிட்டுப் போனானுவ. ரெண்டு பேரும் வரல. வேற குட்டி வாங்கிக்கிட்டானுவ. ஒருத்தன் ஓடுனதுக்கு நான் கோர்ட்டுல நின்னு பேச்சு வாங்குனேன். கெழட்டு நாய்க்கு ஒக்காந்து மருதாணி அரைச்சான் பாரு, அவன் வருவான். அதான் இவனைக் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் நல்லவர் என்று நினைத்துவிட்டேன். "பன்னிக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டீயல்லா?" என்றேன்.

"ஒங்க அண்ணன் வெள்ளிக்கெழம கோர்ட்டுக்கு வந்தா போவ மாட்டேன். வரலைன்னா மறு வாரம் ஞாயித்துக்கெழம முதல் ஆளா இவன்தான். திங்குத நாயி வேலை செய்யணும்லா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். செவலை திரும்பிப் பார்த்தான். நான் கொடுத்துவிட்டேன் அண்ணா. நீ வருவாய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டார். எர்ணாகுளத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

ரசூல் அண்ணன் வியாழக்கிழமை மத்தியானம் புனலூரிலிருந்து காலி வண்டியோடு திரும்புகிறார். முன் சீட்டில் இடம் இருக்கும் என்றார். அவரிடம் நான்தான் கேட்டேன்.

இசக்கித்தாய்

—

மதுரை,
17.2.2025

இசக்கிக்கு,

இரண்டு நாள் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்றைக்கு மூன்றாவது. பத்தரைக்குப் போய் நின்றால் பன்னிரண்டுக்குத்தான் நோட்டை நீட்டுகிறார்கள். பரோட்டாக் கடை ஒன்றில் தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம் உரிக்கிறேன். சொந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள்.

போனைப் பாரஸ்ட்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடை போனில் அம்மாவோடு பேசினேன். அழுகைதான் கேட்டது. நீ எழுது. எழுத்தில்தான் நீ இத்தனை பேசுகிறாய். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

கோர்ட்டில் உன்னிடம் பேச முடியவில்லை. நீ தூணுக்குப் பின்னால் நின்றாய். காளிராஜ் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் ஒரு அடி வைத்தார். "மருதாணி கம்பெனி" என்றார். மானம் போய்விட்டது.

அவர் வாக்கு மாற மாட்டார். ஆனால் ஒன்று எனக்குப் பயமாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பும்போது செவலை அங்கே இருப்பான். பைக் சத்தமும் மற்ற நாய்கள் குரைப்பதும் கேட்கும். ஏழு வயது என்று நமக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது. கூட்டம் கிளம்புகிற நேரத்தில் நான் இருந்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவேன். அங்கே யார் உட்காருவார்கள்? சங்கிலி போடச் சொல். கயிறு வேண்டாம்.

சங்கர்

—

சங்கரன்கோவில்,
24.2.2025

அண்ணனுக்கு,

உன் கடிதம் தபாலில் இன்றைக்குத்தான் வந்தது. நேற்றே எல்லாம் நடந்துவிட்டது.

காலை ஏழு மணிக்குச் சுமதி அக்கா போன் செய்தாள். "ஏட்டி, வண்டி கெளம்புன சத்தத்துக்குக் கயித்தை அறுத்துட்டு அவுக பின்னாலயே போயிட்டான். நான் வெரட்டியும் நிக்கல" என்றாள். நான் செருப்புப் போடாமலே ஓடினேன். வாசுதேவநல்லூர் ரோடு வரைக்கும் ஓட முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. எதிரில் பால் கேனோடு ஒருவர் பைக்கில் வந்தார். முன்பின் தெரியாதவர். கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினேன். "எங்க நாய் மேற்க ஓடிட்டு, கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவர் என்னையும் என் காலையும் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

வழியெல்லாம் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். விழுந்து கிடக்கும் ஒவ்வொரு சாக்கும் அவனாகத் தெரிந்தது. ஒன்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு பாலத்துச் சுவரருகே இருந்தான். ஓடவில்லை, நிற்கவும் இல்லை, உட்கார்ந்திருந்தான். நாக்கு தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கியது. முன்னங்கால் இரண்டிலும் ரத்தம். பால்காரர், "இதுக்கு மேல முடியலம்மா அவனால" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. முகத்தைத் திருப்பவில்லை. அடிவாரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கப் பார்த்தேன், உறுமினான். என்னைப் பார்த்து இதுவரை அவன் உறுமியதில்லை. சரி என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். பைக்குகள் திரும்பி வந்தன. முன்னால் வந்தவர்கள் எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியாகக் காளிராஜ் அண்ணாச்சி வந்தார். மடியில் ஒரு சாக்கு இருந்தது. சாக்கிலிருந்து ஒரு கால் தொங்கியது. வெள்ளைப் பாதத்தைப் பார்த்ததும் சுள்ளான் என்று தெரிந்துவிட்டது.

அவர் வண்டியை நிறுத்தினார். செவலையைப் பார்த்தார். அவன் கால், வாய், வெள்ளை முடி எல்லாவற்றையும் பார்த்தார்.

"இவனுக்கு மூணு வயசுட்டி" என்றார். சாக்கின் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார். "மூணுதான்."

அண்ணா, அந்த நேரத்திலும் எனக்குப் பயம்தான். என் நாய் போய்விட்டது, உன் நாய் எப்படி இருக்கலாம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் கேட்கவில்லை. வண்டியை மெதுவாக நகர்த்தினார்.

செவலை அப்போதுதான் எழுந்தான். மூக்கை நீட்டிச் சாக்கை மோந்தான். பிறகு அந்தப் பைக்குக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்திருப்பார் போல. வேகத்தைக் கூட்டவே இல்லை. ஒன்பது கிலோமீட்டரும் அவன் நடக்கிற வேகத்துக்கே ஓட்டினார். நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

இசக்கித்தாய்